சுவர் நிழலில் நாலு அடி

ஆடுகளத்தில் இறங்கும் முன் அவள் செருப்பைக் கழற்றிவிடுவாள். புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "என்ன ஒரு பக்தி!" என்று வியந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பக்தியாவது கத்தரிக்காயாவது சார். செருப்புக்கு ஈரம் தெரியாது. காலுக்குத் தெரியும்."

பிறகு வலது குதிகாலை மண்ணில் ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் அதில் இறக்கி, ஒரு மூச்சு விடும் நேரம் நிற்பாள். காலை எடுத்துக் குனிந்து பார்ப்பாள். நகக்கண் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தால் ஆடலாம். சுண்டுவிரல் கனத்துக்கு இறங்கினால் ஆடக்கூடாது. பள்ளமே விழாமல் தூசி மட்டும் எழும்பினால் மண் தண்ணீர் கேட்கிறது. நான்கு களங்கள், களத்துக்குப் பதினாறு இடங்கள், தினமும் காலை ஆறு மணிக்கு. அந்த டென்னிஸ் கிளப்பில் முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் பெயர் 'குதிகால்'. முகத்துக்கு நேரே அக்கா.

களம் பராமரிக்கும் வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன் செங்கல் சூளையில் கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். சுட்ட செங்கல்லைப் பொடித்துச் சலித்துத்தான் களத்தின் மேல் தூவுகிறார்கள் என்று முதல் நாள் சொன்னபோது, "அங்க ஒடையாம அடுக்குன்னு உயிர வாங்குனாங்க. இங்க ஒடைச்சுத்தான் வேலையேவா?" என்று கேட்டாள்.

அந்த முதல் வருடத்தில் வடிகால் போடுவதற்காகக் களத்தின் ஓரத்தை வெட்டினார்கள். வெட்டிய பக்கத்தை அவள் குனிந்து பார்த்தாள். மேலே சிவப்புப் பொடி, இரண்டு நகத்தை அடுக்கிய கனம்தான். அதன் கீழே நாலு விரற்கடைக்கு இறுகிய சுண்ணாம்புக் கல் தூள். அதன் கீழே கரி எரிந்த கசடு. பிறகு சரளை, பிறகு பெருங்கல். மேலே ஊற்றும் தண்ணீர் ஒவ்வொரு அடுக்காக இறங்கிக் கீழே தங்குகிறது என்றும், வெயில் ஏற ஏற அதே தண்ணீர் மெல்ல மேலே வருகிறது என்றும் பழைய பராமரிப்பாளர் சொன்னார். இவ்வளவு ஓட்டமும் வியர்வையும் இரண்டு நகக் கனத்தின் மேல் நடக்கிறது, மீதி முழுவதும் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதற்காக மட்டும் இருக்கிறது என்பது அவளுக்கு நம்ப முடியாததாக இருந்தது. கையிலிருந்த தேநீர் ஆறிப்போனது. அந்த வியப்பு இன்றுவரை தீரவில்லை. மனிதர்களைப் பற்றி அவள் அப்படி வியந்ததாக யாருக்கும் நினைவில்லை.

வானிலை மாறினால் களமும் மாறும். வறண்ட வெயிலில் மண் வெடவெடவென்று இறுகும். பந்து விழுந்த வேகத்தில் தோளுக்கு மேல் எழும்பும். மூடிய வானத்தில் அதே பந்து மண்ணைத் தின்று, ரோமம் உப்பி, இடுப்புக்கு மேல் வரச் சோம்பல்படும். சாதாரணமாகப் பந்தை மூன்று முறை அடித்தால் முடியும் புள்ளி முப்பது முறைக்கு நீளும். காற்று அடித்தால் பொடி பறந்து, ஆணியடித்துப் பதித்த கோட்டுப் பட்டை மேலே துருத்திக்கொண்டு காலைத் தடுக்கும். மழை நின்றதும் தேங்கிய நீரைத் துடைப்பத்தால் தள்ளினால் பொடியும் கூடவே போய்ப் பள்ளமாகிவிடும். அடுத்த மழை அந்தப் பள்ளத்தை ஞாபகம் வைத்திருந்து அங்கேயே வந்து உட்காரும். அதனால் அவள் பஞ்சால் ஒற்றித்தான் எடுப்பாள், குழந்தைக்குத் தலை துவட்டுவது போல.

"என் மூஞ்சிய இப்படி ஒரு நாள் உத்துப் பாத்திருக்கியா நீ?" என்பார் லாரி மெக்கானிக்கான அவள் கணவர்.

"உங்க மூஞ்சியில என்ன மாறுது, பாக்கறதுக்கு?"

அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. போட்டி நாளில் மழை பெய்தால், நடுவர் அவளிடம் வந்து, "ஆடலாமா?" என்று கேட்பார். அவள் "ஆடலாம்" என்று வாயால் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போடுவார். தலையை ஆட்டினால் போதாது. சொல்ல வேண்டும்.

பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு தூறல் நாளில் அவள் அப்படிச் சொன்னாள். அன்று ஆடியவன் கிளப்பிலேயே சிறந்த ஆட்டக்காரன். அவளிடம் அக்கா அக்கா என்று உரிமையோடு பழகுகிறவன். அவளுக்கு அவன் தம்பி. இரண்டாவது செட்டில், தெற்குச் சுவரின் நிழல் விழும் மூலையில், ஒரு பந்துக்காக அகலப் பாய்ந்தவன் கால் விட்டுப்போய், முட்டி திரும்பி விழுந்தான். துணி கிழிவது போல ஒரு சத்தம் வந்ததாக அருகில் இருந்தவர்கள் சொன்னார்கள். அவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அவள் அந்த இடத்துக்குப் போய்க் குதிகாலை ஊன்றினாள். நகக்கண் ஆழம்தான். மறுபடி ஊன்றினாள். நகக்கண். மண் சரி என்கிறது, முட்டியோ உடைந்திருக்கிறது. இரண்டில் ஒன்று பொய் என்றால் அது தன் கண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள்.

விழுந்தவர் அதற்குப் பிறகு போட்டிகளில் ஆடவில்லை. அதே கிளப்பில் பயிற்சியாளரானார், கொஞ்சம் சாய்ந்த நடையோடு. அவள் வாயில் 'தம்பி' நின்று 'கோச் சார்' வந்தது.

அதோடு இன்னொன்றும் தொடங்கியது. தினமும் அவள் களங்களை மிதித்து முடித்த பிறகு, ஏழு மணிக்கு அவர் வருவார். தெற்குச் சுவரின் நிழலுக்குப் போவார். அவள் குதிகால் தடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு அதன் பக்கத்திலேயே தன் காலணியின் குதிகாலை ஒருமுறை ஊன்றிவிட்டுப் போய்விடுவார். ஒன்றும் சொல்ல மாட்டார். அவளுக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. உன் வார்த்தையை நான் நம்பவில்லை என்பதை ஒரு மனிதன் இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

"ஏன்னு கேட்டுத்தான் பாரேன்," என்றார் கணவர்.

"என்னன்னு கேக்கறது? முட்டியவும் ஒடைச்சிட்டு, ஏன்டா நம்பலன்னும் கேக்கறதா?"

இந்த வருடப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்குப் பயிற்சியாளருடைய மகள் வந்துவிட்டாள். பதினாறு வயது. நடை பழகியதே அந்த மண்ணில்தான். பந்தை நோக்கி ஓடி, கடைசி மூன்று அடியைச் சறுக்கியே கடந்து, சறுக்கும்போதே அடித்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே திரும்பும் ஆட்டம் அவளுடையது. எதிராளி உயரமானவள், சர்வீஸில் இடி இறக்குகிறவள். போட்டி விதி ஒன்றுதான் பயமுறுத்தியது. மாலை நாலு மணிக்குள் ஆட்டம் தொடங்கவில்லை என்றால், ஊரின் மறுகோடியில் கூரை போட்ட சிமென்ட் களத்துக்கு மாற்றிவிடுவார்கள். சிமென்ட்டில் சறுக்க முடியாது. அங்கே போனால் மகள் பாதி ஆட்டத்தை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

முந்தின நாள் மதியம் வானிலை அறிவிப்பு வந்தது. மாலையில் பலத்த காற்று, விடியலில் மழை. அவள் உடனே குழாயை இழுத்துக்கொண்டு போய், இறுதி ஆட்டம் நடக்கவிருந்த முதல் களத்தில் தண்ணீர் பாய்ச்ச ஆரம்பித்தாள். தென்பாதி நனைந்து முடிந்தபோது தண்ணீர் நின்றது. கிளப்பின் செயலாளர் வால்வில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, மழை வருதுன்னு ஊரே கொடையத் தேடுது. நீங்க தண்ணி ஊத்தறீங்க?"

"மழைக்கு ஊத்தல சார், காத்துக்கு ஊத்தறேன். மழைக்கு முன்னாடி காத்து வரும். மேல இருக்கற பொடி காஞ்சு கெடந்தா எல்லாத்தையும் வாரிட்டுப் போயிரும்."

"நாளைக்குக் களம் காயணுமா வேணாமா? போதும், விடுங்க."

அவள் வாதாடவில்லை. வாதாடும் தெம்பு பதினோரு வருடத்துக்கு முன்பே அவளிடமிருந்து போய்விட்டது. மாலையில் வடக்கிலிருந்து காற்று வந்தது. காய்ந்து கிடந்த வடபாதியின் பொடி செந்நிறப் புகையாக எழுந்து, வலையைக் கடந்து தெற்கே போவதை அவள் கொட்டகை வாசலில் நின்று பார்த்தாள்.

விடிவதற்கு முன் தொடங்கிய மழை காலை பதினோரு மணிக்கு நின்றது. அவள் பஞ்சால் ஒற்றி எடுத்தாள், வடபாதிக்குப் புதுப் பொடி தூவினாள், உருளை ஓட்டினாள். மூன்று மணிக்கு வெயில் எட்டிப் பார்த்தது. பதினாறு இடங்களிலும் குதிகாலை ஊன்றினாள். பதினாறும் நகக்கண் ஆழம்.

நடுவர் வந்தார். மூன்று பத்து.

"அக்கா, ஆடலாமா?"

அவள் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. வேலிக்கு அப்பால் அந்தப் பெண் காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். முட்டிக்குக் கீழே அப்பனின் கால் அப்படியே இருந்தது.

"வேணாம் சார்."

"எந்த எடம் சரியில்ல?"

"எடமெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்புறம்?"

"எனக்குச் சரியில்ல."

நடுவர் பெருமூச்சு விட்டுச் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார், சிமென்ட் களத்துக்குச் சொல்ல. "ஒரு நிமிஷம்," என்ற குரல் கேட்டது. பயிற்சியாளர் சாய்ந்த நடையில் வந்துகொண்டிருந்தார். நடுவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவளிடம் வந்தார்.

"அக்கா, என் முட்டிய நெனச்சுத்தான வேணாங்கறீங்க?"

அவள் காலடியில் கிடந்த ஈரப் பஞ்சைக் குனிந்து எடுத்தாள்.

"அன்னிக்கு நான் விழுந்தனே, அதுக்கு முந்துன கேம்லயே அதே மூலையில எனக்கு வழுக்குச்சு. நல்லாத் தெரிஞ்சுது. நடுவர்கிட்ட சொல்லல. நாலுக்கு ஒண்ணுன்னு ஜெயிச்சிட்டு இருந்தேன். சொன்னா நிறுத்திருவாங்க."

அவள் அவர் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொண்ணு ஆடணும்னு சொல்றீங்களா இத?"

"பொண்ணு ஆடணும்னுதான் சொல்றேன். ஆனா பொய் இல்ல."

"எப்படி வழுக்குச்சு? குதிகால் எறங்குச்சா?"

"எறங்கல. அடியில கெட்டியாத்தான் இருந்துச்சு. மேல மட்டும் ஒரு படலம், சோப்பு தடவுன மாதிரி. நேரா மிதிச்சா பிடிச்சுக்கும். பக்கவாட்டுல போனா விட்டுரும்."

இப்படி ஒரு விவரத்தை யாரும் இட்டுக்கட்டிச் சொல்ல முடியாது. ஈரம் ஆழத்தில் இருந்தால் குதிகால் கண்டுபிடிக்கும். மேலே மட்டும் இருந்தால், எவ்வளவு நல்ல குதிகாலானாலும் அதைக் குத்திக்கொண்டு கெட்டித் தரைக்குப் போய், எல்லாம் சரி என்றுதான் சொல்லும். அவள் கண் பொய் சொல்லவில்லை. மண்ணும் பொய் சொல்லவில்லை. கேட்கப்படாத கேள்விக்கு மண் பதில் சொல்லாது, அவ்வளவுதான்.

"அப்ப தெனமும் வந்து என் தடத்துப் பக்கத்துல மிதிச்சீங்களே, அது என்ன?"

அவர் தரையைப் பார்த்தார். "இன்னிக்குச் சொல்லிரலாம்னுதான் வருவேன். வாய் வராது. வந்துட்டுச் சும்மா நின்னா நல்லாருக்காதேன்னு, ஒரு மிதி மிதிச்சிட்டுப் போயிருவேன்."

அவள் கையிலிருந்த ஈரப் பஞ்சு அவர் மார்பில் போய் விழுந்தது.

"அடப்பாவி தம்பி! பதினோரு வருஷம்டா! கண்ணு போச்சுன்னு ரெண்டு தடவ கண்ணாடி மாத்துனேன்டா நான்!"

சட்டையில் செந்நிற நீர் வழிய அவர் அப்படியே நின்றார். தூரத்தில் நடுவர் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவளுக்கு அழுகை வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. ஏனென்றால் கால்கள் ஏற்கெனவே தெற்குச் சுவரை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தன. நிழல் விளிம்பில் நின்றாள். குதிகாலை ஊன்றவில்லை. முன்பாதத்தை மண்ணில் வைத்து, பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளினாள்.

கால் பறந்தது. விழப்போனவளைப் பின்னாலேயே வந்த பயிற்சியாளர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"பாத்து, அக்கா!"

"பாத்துட்டேன்," என்றாள் அவள், மூச்சு வாங்க.

குனிந்து விரலால் வழித்தாள். மாவைவிட நுண்ணிய பொடி, மழையில் குழைந்து, வெண்ணெய்ப் படலம் போல விரலோடு வந்தது. நேற்று வடபாதியிலிருந்து புகையாகப் போனது இங்கேதான் சுவரில் மோதி இறங்கியிருக்கிறது. காற்று கனத்த பொடியை வழியில் விட்டுவிட்டு நுண்ணியதை மட்டும் இவ்வளவு தூரம் சுமந்து வந்திருக்கிறது. எந்தச் சல்லடையும் இப்படிச் சலிக்காது. வெயில் படாத அந்த நிழலில் மட்டும் அது காயாமல் காத்திருந்திருக்கிறது. பயத்தில் அவள் சொன்ன 'வேணாம்' சரியாகத்தான் இருந்தது, அவளுக்கே தெரியாத காரணத்தால். தன் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்க அதில் ஒன்றுமே இல்லை.

மணி மூன்று இருபத்தைந்து.

"தம்பி, மரப்பலகை எடுத்துட்டு வா. வழிச்சு எடுக்கணும், தோண்டக் கூடாது. சார்!" என்று செயலாளரைப் பார்த்துக் கத்தினாள். "கொட்டகையில காஞ்ச பொடி இருக்கு, பெரும்பொடி. ரெண்டு வாளி."

"நானா?" என்றார் பளபளக்கும் காலணியோடு நின்றிருந்த செயலாளர்.

"வால்வ மூடுன கைதான? வாளியும் தூக்கும்."

அவர் தூக்கினார். பயிற்சியாளர் உடைந்த முட்டியை மடக்க முடியாமல் ஒரு காலை நீட்டியபடி உட்கார்ந்து பலகையால் படலத்தை வழித்தார். அவள் பெரும்பொடியைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவினாள். மண்ணைச் சமன்செய்யும் கயிற்றுப் பாயை இரண்டு முறை இழுத்தாள். சிறிய உருளையை ஒருமுறை ஓட்டினாள். பிறகு பாதத்தை வைத்துத் தள்ளினாள். கால் போனது, ஆனால் அவள் விட்ட அளவுக்குப் போய், அவள் நிறுத்திய இடத்தில் நின்றது. ஒரு அடி தள்ளி மறுபடி. இன்னொரு அடி தள்ளி மறுபடி. சுவரோரம் முழுக்க ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி சின்னப் பிள்ளை போலச் சறுக்கிக்கொண்டு போவதை வேலிக்கு வெளியே இருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

மூன்று ஐம்பத்திரண்டு.

"அக்கா, ஆடலாமா?"

அவள் பயிற்சியாளரைப் பார்க்கவில்லை, மகளைப் பார்க்கவில்லை. மண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஆடலாம்."

முதல் செட்டில் பந்து மண்ணை அள்ளி அள்ளிக் கனத்தது. மகளின் சுழற்பந்து வழக்கமான உயரத்துக்கு எழவில்லை. எதிராளியின் சர்வீஸ் இடியும் பாதி ஈரத்தில் அமுங்கிப்போனது. ஒரு புள்ளிக்குப் பந்தை நாற்பது முறை வரை அடிக்க வேண்டியிருந்தது. முதல் செட்டை மகள் எடுத்தாள். இரண்டாவது செட்டின் நடுவில் மேகம் விலகி முழு வெயில் விழுந்தது. கால் மணி நேரத்தில் களத்தின் அடர் சிவப்பு வெளிறிக்கொண்டே வருவது கண்ணுக்கே தெரிந்தது. பந்தின் சத்தம் மாறியது, 'தொப்' என்பது 'டக்' ஆனது. உயரமானவளின் கைக்கு வேகம் திரும்பியது, அந்த செட் அவளுக்குப் போனது. ஒரே மாலையில், ஒரே இடத்தில், யாரும் அசைக்காமல் ஒரு களம் போய் வேறு களம் வந்திருந்தது. இருபத்திரண்டு வருடம் பார்த்தும், அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதை முதல்முறை போலப் பார்த்தாள்.

மூன்றாவது செட்டில் ஐந்துக்கு ஐந்து. எதிராளி தெற்குச் சுவரின் மூலைக்கு ஒரு பந்தை அடித்தாள், எட்டவே முடியாதது. மகள் ஓடினாள். பயிற்சியாளர் கண்ணை மூடிக்கொண்டார். வேலிக் கம்பியைப் பிடித்திருந்த அவள் மூடவில்லை. அந்தப் பெண் நிழலுக்குள் நுழைந்ததும் இரு கால்களையும் மண்ணிடம் விட்டுவிட்டாள். சறுக்கலின் சத்தம் நீளமாக, சொரசொரவென்று, நடுவில் எங்கும் அறுபடாமல் வந்தது. சறுக்கி முடியும் இடத்தில் மட்டை பந்தைத் தொட்டது. முட்டி மடங்கியது, நிமிர்ந்தது, திரும்பியது.

பந்து வலையைத் தாண்டியது. எதிராளி அதையும் திருப்பி அடித்துப் புள்ளியை எடுத்துக்கொண்டாள். ஏழுக்கு ஐந்து என்று ஆட்டத்தையும் எடுத்துக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்ததும் களத்தை இழுத்துச் சமன்செய்வது தோற்றவரின் வேலை என்பது அந்தக் கிளப்பின் மற்றொரு வழக்கம். மகள் அழுதுகொண்டே கயிற்றுப் பாயை இழுத்தாள். வெளியிலிருந்து உள்ளே வட்டம் வட்டமாக, மூக்கை உறிஞ்சியபடி. தெற்கு மூலைக்கு வந்ததும் நின்றாள்.

"அத்தை, இந்தத் தடம் நானா போட்டேன்?"

அவள் போய்ப் பார்த்தாள். பாதத்தை அடுத்தடுத்து வைத்து அளந்தாள். நாலு அடிக்குச் சற்று மேல். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே ஆழம்.

"நீதான். இழு. நாளைக்கு எட்டு மணிக்கு ஆள் வருது."

பாய் அதன் மேல் போனது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் பதினாறு இடங்களில் குதிகாலை ஊன்றினாள். தெற்கு நிழலில் மட்டும் கூடவே பாதத்தையும் ஒருமுறை சறுக்கிப் பார்த்தாள். ஏழு மணிக்குக் கொட்டகையில் பொடி சலித்துக்கொண்டிருந்தபோது சாய்ந்த நடையின் சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னும் கோபம் தீரவில்லை.

எட்டு மணிக்குக் கோடுகளைத் துடைக்கப் போனபோது பார்த்தாள். அவள் சறுக்கல் தடத்துக்குப் பக்கத்தில் காலணியின் சறுக்கல் தடம் ஒன்று இருந்தது. ஒரு சாண்தான் இருக்கும், முடிவில் கொஞ்சம் கோணியிருந்தது. அந்த முட்டியோடு அவ்வளவுதான் முடியும். அவள் அதன் ஆழத்தைக் குனிந்து பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.